வான் பாயும் குளமும் பிழை திருத்தும் கணினியும்

வன்னியில், மாரி மழையில் கமக்காரர் ஒருவர், "இரணைமடுக் குளம் வான் பாய்கிறது" என்று கைபேசியில் பேசி அனுப்புகிறார். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் அதை "இரணைமடுக் குளம் தான் பாய்கிறது" என்று எழுதுகிறது என வைத்துக்கொள்வோம். மாறியது ஓரெழுத்துதான். ஆனால், குளம் நிரம்பி வழிகிறது என்ற எச்சரிக்கையே அதோடு போய்விட்டது.

கணினி ஒலியைச் சுமார் 25 மில்லிசெக்கன் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அளந்து, பொருந்தும் சொற்களுக்கு நிகழ்தகவு கணிக்கிறது. தகரக் கூரையில் மழை இரையும்போது 'வா'வையும் 'தா'வையும் பிரித்தறிவது கடினம். அப்போது எந்தச் சொல் எழுத்தில் அதிகம் வருகிறதோ அதன் பக்கம் கணிப்பு சாய்கிறது. 'தான்' பக்கத்துக்குப் பக்கம் வரும். மிகைநீர் வழிந்தோடும் இடமான குளத்து 'வான்' அப்படி வராது.

நல்லவேளையாக, கணினியிடம் ஒரே விடை மட்டும் இருப்பதில்லை. சரியான வரி பல வேளைகளில் இரண்டாம், மூன்றாம் இடத்தில் கிடக்கும். வான், துருசு (மதகு), சிறுபோகம் (சிறு பயிர்ப்பருவம்), முத்தையன்கட்டு, அக்கராயன் (இரண்டும் குளங்கள்) என்று ஊர்ச்சொற்களின் பட்டியலைக் கொடுத்தால், அவற்றுக்குக் கூடுதல் புள்ளி தந்து வரிசையை மாற்றலாம். புள்ளியை அள்ளிக் கொடுத்தால் உண்மையான 'தான்'களும் 'வான்' ஆகிவிடும், அளவு முக்கியம்.

ஒலியைக் கேட்காமல் எழுத்தை மட்டும் பார்த்துத் திருத்தும் பெரிய மொழி மாதிரிகளிடம் (ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய மென்பொருள்களிடம்) இந்த வேலையை முழுதாக ஒப்படைப்பதை நான் ஏற்கமாட்டேன். சரியாக எழுதப்பட்ட 'வான் பாய்கிறது' என்பதைக்கூட அவை பிழையென்று கருதி மாற்றக்கூடும். வாக்கியம் வழுவழுப்பாக இருப்பதால் தவறு எவர் கண்ணிலும் படாது.

அளவுகோலிலும் சிக்கல் உண்டு. மாறிய, விடுபட்ட, புதிதாக நுழைந்த சொற்களைக் கூட்டி, பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பதே சொற்பிழை வீதம். நம் வாக்கியத்தில் நான்கு சொற்கள். 'தான்' ஒரு பிழை, ஆகவே 25 சதவீதம். 'வான்' சரியாக வந்து, 'இரணைமடுக்குளம்' என்று சேர்த்தெழுதப்பட்டிருந்தால்? ஒரு மாற்றம், ஒரு விடுபடல்: 50 சதவீதம்! தீங்கில்லாத பிழைக்கு இருமடங்கு தண்டனை. இடைவெளியை நீக்கி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் இந்தப் பிழை மறைந்துவிடும். எச்சரிக்கைச் சொற்களில் எத்தனை பிழைத்தன என்பதையும் தனியே எண்ண வேண்டும்.

கணினிக்கு நம்பிக்கை குறைந்த இடங்களை நிறமிட்டுக் காட்டினால், அந்தச் சில செக்கன் ஒலியை மட்டும் ஊரறிந்த ஒருவர் கேட்டுத் திருத்தலாம். திருத்திய வரியை அதன் ஒலியோடு சேர்த்துச் சேமித்தால், அடுத்த பயிற்சியில் மென்பொருளுக்கு வன்னிப் பேச்சு பாடமாகும்.