‘எங்க போட்டாலும் ஆடுவான்’ என்றால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று வடசென்னையில் எந்த ஃபுட்பால் கிரவுண்டில் போய் நின்றாலும் ஒரு பையனைக் காட்டி, “இவன எங்க போட்டாலும் ஆடுவான் சார்” என்பார்கள். மணல் கிரவுண்டில், ஏழு பேர் ஆட்டத்தில் அது பெரும்பாலும் உண்மைதான். அதே பையன் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட புல்தரையில் பேக்காக, அதாவது ஓரத்துத் தடுப்பாட்டக்காரனாக, இறங்கும்போது, முதல் அரை மணிக்குள் அவனைத் தாண்டி இரண்டு மூன்று பந்துகள் போய்விடுகின்றன. காலில் ஒரு குறையும் இருக்காது. அந்த இடத்தில் நின்றால் எதைப் பார்க்க வேண்டும், உடம்பை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதன் வேர் பத்து வயதிலேயே இருக்கிறது. டீம் பிரிக்கும்போது உயரமானவன் ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவன்), ஒல்லியாக வேகமாக ஓடுகிறவன் விங் (ஓரமாக ஏறித் தாக்குகிறவன்), குண்டாக இருப்பவன் கீப்பர். அன்று ஒட்டிய முத்திரை பதினாறு வயது வரை கிழிவதில்லை. ஆனால் உடம்பு அதற்குள் தலைகீழாக மாறிவிடும். ஆண் பிள்ளைகள் சராசரியாகப் பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் மிக வேகமாக வளர்கிறார்கள். பெண் பிள்ளைகள் அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாக. பதினொன்றில் எல்லோரையும்விட உயரமாக இருந்தவன் சீக்கிரம் வளர்ந்தவனாக மட்டுமே இருக்கலாம். பதினாறில் அவனே டீமில் குள்ளம். அப்போது ஸ்டாப்பர் இடம் போய்விடும், வேறு இடமும் தெரியாது.

இன்னொரு விஷயம்: உயரத்தை வைத்து இடம் தீர்மானிப்பதற்கு உலகத் தரத்திலும் ஆதாரம் குறைவு. 2006-இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது வாங்கிய இத்தாலியின் ஃபேபியோ கன்னவாரோ ஸ்டாப்பர். உயரம் 176 செ.மீ.தான். ஜெர்மனியின் ஃபிலிப் லாம் 170 செ.மீ. வலது கால்காரரான அவர் 2006 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், கோஸ்டாரிகாவுக்கு எதிராக, இடது பேக்காக ஆடி உள்ளே வெட்டி வந்து கோல் அடித்தார். 2013-இல் பயர்ன் மியூனிக் கிளப்பில் பயிற்சியாளர் கார்டியோலா அவரை நடுக்களத்துக்கு நகர்த்தினார். 2014 உலகக் கோப்பையை நடுக்களத்தில் தொடங்கி, காலிறுதியிலிருந்து வலது பேக்குக்குத் திரும்பி, கோப்பையோடு முடித்தார். நம் ஊரிலும் ஆள் உண்டு. தேசிய கிளப் போட்டியான ஐ-லீக்கை 2018-19-இல் வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால், நடுக்களம், வலது பேக் இரண்டிலும் ஆடியவர்.

எந்த வயதில் எவ்வளவு மாற்றிப் போடலாம்? பன்னிரண்டு வரை கீப்பர் உட்பட எல்லா இடத்திலும் எல்லோரும் ஆடட்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றினாலும் தப்பில்லை. பதின்மூன்று முதல் பதினைந்து வரை பக்கத்துப் பக்கத்து இடங்கள் இரண்டு: பேக்கும் விங்கும், ஸ்டாப்பரும் நடுக்களமும், இப்படி. பதினாறுக்கு மேல் ஒரு சொந்த இடம், கூடவே ஒரு மாற்று இடம். இதற்கு மேலும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஆள் பற்றாக்குறையை நிரப்புகிறவனாக மட்டுமே ஆகிவிடுவான். பல டீம்களில் நல்ல பையன்கள் இப்படித்தான் வீணாகிறார்கள். யார் வரவில்லையோ அவன் இடத்துக்கு இவன். எந்த இடத்திலும் தொடர்ந்து பத்து ஆட்டம் ஆடியதில்லை.

இனி காலுக்கு வருவோம். இடது காலில் அடிக்க வரவில்லை என்று வருகிற பையனிடம் முதலில் பார்க்க வேண்டியது அவனுடைய வலது காலைத்தான். இடதில் அடிக்கும்போது முழு எடையையும் தாங்குவது வலது கால். அது இத்தனை வருடமும் அடித்தே பழகியது, ஊன்றிப் பழகவில்லை. அதனால் ஊன்றுகால் பந்துக்கு ரொம்பப் பின்னால் விழுகிறது, உடம்பு பின்பக்கம் சாய்கிறது, பந்து ஆகாயத்தில் போகிறது. எனவே முதல் இரண்டு வாரம் அடிப்பதைவிட நிற்பதற்குப் பழக்கம் கொடுக்க வேண்டும். செருப்பில்லாமல் வலது காலில் மட்டும் முட்டியை லேசாக மடக்கி 30 விநாடி, மூன்று முறை. நிற்கும்போதே ஒருவர் பந்தைக் கையால் எறிய, இடது பாதத்தின் உட்புறத்தால் திருப்பித் தர வேண்டும்.

அதன் பிறகு சுவர். ஹவுசிங் போர்டு சுவர் போதும், மேலே ஜன்னல் இல்லாத பக்கமாகப் பார்த்து. ஐந்து மீட்டர் தள்ளி நின்று பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுகால், அதன் விரல்கள் குறியை நோக்கி, அடிக்கும் காலின் கணுக்கால் இறுக்கமாக. இடதில் 50, வலதில் 20. வாரத்துக்கு நான்கு நாள். கணுக்கால் தளர்ந்திருந்தால் பந்து பக்கவாட்டில் சுழன்று திரும்பும், அதைப் பார்த்தே தவறு தெரிந்துவிடும். இலக்கு இரண்டு காலும் சமமாவது இல்லை. இடது பக்கம் வந்த பந்தை வலது காலுக்கு மாற்ற எடுக்கும் அந்த ஒரு நொடி மிச்சமானால் போதும். 1990 உலகக் கோப்பை இறுதியில் வலது காலால் பெனால்டி அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்த ஆண்ட்ரியாஸ் பிரேமே இடது பேக்காக ஆடியவர். இடது காலாலும் அதே சுலபத்தோடு ஃப்ரீ கிக் அடிப்பார். அந்த அளவு எல்லோருக்கும் வராது, வரவும் வேண்டாம்.

காலைவிடப் பெரிய குறை கழுத்தில் இருக்கிறது. சின்ன கிரவுண்டில் வளர்ந்த பையன்களுக்குப் பந்து வந்து சேர்ந்த பிறகு யோசித்தாலும் சமாளிக்க முடிகிறது. நான்கு பேருக்கு நடுவிலும் கட் அடித்து வெளியே வந்துவிடுவார்கள். பெரிய ஆட்டத்தில், அதுவும் நடுக்களத்தில், பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோள்களுக்கு மேலாகவும் பின்னால் பார்த்திருக்க வேண்டும். பார்க்க வேண்டிய நேரம் எப்போது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பாஸ் போடுகிறவன் பந்தைத் தொட்டவுடன் ஒருமுறை, பந்து உருண்டு வரும்போது இன்னொரு முறை. அவன் அடிக்கும் அந்த நொடியில் மட்டும் கண் பந்தின் மேல் இருக்க வேண்டும். பழக்க ஒரு எளிய வழி: மூன்று பேர் வரிசையாக, ஆளுக்கு ஆள் எட்டு மீட்டர். நடுவில் இருப்பவனுக்குப் பந்து வரும்போது, பின்னால் இருப்பவன் ஒன்று முதல் ஐந்து வரை விரல் காட்டுகிறான். நடுவில் இருப்பவன் பந்தைத் தொடுவதற்கு முன் எண்ணைச் சொல்லிவிட்டுப் பாதி திரும்பி, பந்து வரும் பக்கத்திலிருந்து தள்ளி இருக்கும் காலில் வாங்கி, பின்னால் இருப்பவனுக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாள் பாதி எண்கள் தப்பாக வரும். எண் சரியாகச் சொல்லிப் பந்தை விட்டுவிடுகிறவனைத் திட்ட வேண்டாம், அவன் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

இடம் மாறும்போது கெட்டுப்போவது எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். விங்கில் ஆடியவனைப் பேக்கில் போட்டால் மூன்று தப்புகள் திரும்பத் திரும்ப வரும். எதிராளிக்கு நேர் முகமாக, இரண்டு கால்களையும் அகட்டி நிற்பான். பந்து காலுக்கு நடுவில் போகும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, உடம்பு சாய்வாக, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, எதிராளியை வெளிப்பக்கக் கோட்டை நோக்கித் தள்ள வேண்டும். இரண்டாவது தப்பு, ஸ்டாப்பர்கள் நிற்கும் வரிசைக்கு இரண்டு மீட்டர் பின்னாலேயே நின்றுவிடுவது. தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறான ஆஃப்சைடிலிருந்து எதிரணி முழுவதையும் காப்பாற்றுவது இப்படிப் பின்னால் நிற்கும் இவன்தான். மூன்றாவது, மறுபக்க ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் கிராஸ் வரும்போது பந்தை மட்டும் பார்த்து முதுகுப் பக்கம் ஓடிவருகிறவனை விட்டுவிடுவது. பந்தும் ஆளும் ஒரே பார்வையில் விழும்படி உடம்பைத் திருப்பி வைத்தால் இதில் பாதி குறையும்.

நடுக்களத்து ஆட்டக்காரன் ஸ்டாப்பரானால் பாய்ந்து விழுவான். நடுவில் பாய்ந்து தவறினால் பின்னால் ஆள் உண்டு, இங்கே கீப்பர் மட்டும்தான். ஃபார்வர்டு நடுவுக்கு வந்தால் வாங்கிய ஒவ்வொரு பந்தோடும் கோலை நோக்கித் திரும்ப முயல்வான். அவனுக்கு ஒரே தொடலில் வந்த பக்கமே கொடுத்துவிட்டு நகரப் பழக்க வேண்டும்.

கீப்பர் விஷயத்தில் நம் கிரவுண்டுகள் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கின்றன. சொந்த அணிக்காரன் காலால் வேண்டுமென்றே கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் பிடிக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. கோல் கிக் பெனால்டி பகுதியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது 2019-இல் வந்தது. ஆக, கீப்பர் காலாலும் ஆடியே தீர வேண்டும். பாஸ் பயிற்சி நடக்கும்போது கீப்பரைத் தனியாக ஓரம்கட்டி உருண்டு விழ வைப்பதை நிறுத்திவிட்டு, அவனையும் வட்டத்துக்குள் விடுங்கள். அவனுக்குக் கொடுக்கும் பந்து கோல் கம்பங்களுக்கு நேராக வராமல் வெளிப்பக்கமாக வர வேண்டும் என்பதை மற்றவர்களும் கற்றாக வேண்டும்.

உடம்பு. வளர்ச்சி வேகமாகும் வருடத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் திடீரெனத் தடுமாறுவான். கால் நீண்டுவிட்டது, கணக்கு தப்புகிறது. அவனை உட்கார வைப்பது பெரிய அநியாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரம் குறித்து வையுங்கள். இரண்டு செ.மீ.க்கு மேல் ஏறினால் தாவல், நீண்ட ஓட்டம் இரண்டையும் குறைத்து, பந்தோடு நேரம் கூட்டலாம். குதிகாலின் பின்புறத்தை இரண்டு பக்கமும் அழுத்தினால் வலிப்பது, முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது, இரண்டும் இந்த வயதில் எலும்பு வளரும் இடத்தில் வரும் வலி. எண்ணெய் போட்டு நீவினால் சரியாகாது. சுமையைக் குறைத்தால்தான் அடங்கும். நொண்டினால், இரவில் வலித்தால், எலும்பு மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடுவது வீரம் என்று மைக்கில் பாராட்டுவதை டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் விட்டுவிட்டால் புண்ணியம்.

வார்ம் அப்புக்கு ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ இருக்கிறது: மூன்று பகுதி, 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம், பந்தைத் தவிர வேறு கருவி வேண்டாம். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறை. இதில் முழங்காலிட்டு, நண்பன் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னே சாயும் பயிற்சியைத்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள், இடுப்பை மடக்கிவிடுவார்கள். தொடங்கும்போது மூன்று முதல் ஐந்து முறை சரியாகச் செய்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வார்ம் அப் இன்னும் முக்கியம். முட்டியின் முன் தசைநார் கிழிவது அவர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். தாவி இறங்கும்போது முட்டிகள் உட்பக்கமாக மடங்குகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். பாத விரல்களுக்கு நேராக முட்டி இருக்க வேண்டும்.

சென்னை வெயிலில் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 50 கிலோ பையன் 49 ஆனால் ஒரு லிட்டர் போயிருக்கிறது; அது உடல் எடையில் இரண்டு சதவீதம், அதற்கு மேல் குறைந்தால் ஓட்டமும் குறையும், முடிவெடுப்பதும் மந்தமாகும். ஆடும்போது கால் மணிக்கு ஒரு டம்ளர், முடிந்த பிறகு இழந்ததைப் போல ஒன்றரை மடங்கு, ஒரேயடியாகக் குடிக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள். உப்புப் போட்ட மோர் நல்லது. கலர் பாட்டில் பானங்களுக்குச் செலவழிக்கும் காசுக்கு முட்டை வாங்கலாம்.

கடைசியாக டிரயல், அதாவது அணித் தேர்வு. மணலில் பந்து சீக்கிரம் நின்றுவிடும். அதனால் தொடல் கொஞ்சம் பலமாகவே இருந்து பழகியிருக்கும். புல்லிலும், டர்ஃப் என்கிற செயற்கைப் புல்லிலும் அதே தொடலில் பந்து இரண்டு மீட்டர் ஓடிவிடும். டிரயலுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நாலைந்து தடவையாவது பத்துப் பேர் காசு சேர்த்து டர்ஃபில் ஆடுங்கள். பாஸ் பலமாக, வாங்கும் தொடல் மெதுவாக. அடியில் நீண்ட ஸ்டட் (குமிழ்) உள்ள ஷூ அங்கே வேண்டாம், பாதம் மாட்டிக்கொண்டு முட்டி திருகும். குட்டைக் குமிழ்கள் நிறைய உள்ளதே சரி. புது ஷூவை அன்றைக்குத்தான் போடுவது இன்னொரு வழக்கமான கூத்து, முதல் அரை மணியிலேயே குதிகால் கொப்பளித்துவிடும். படிவத்தில் ‘ஆடும் இடம்’ என்ற கட்டத்தில் ‘எல்லாம்’ என்று எழுதாதீர்கள். சொந்த இடத்தை முதலில், மாற்று இடத்தை அடுத்து எழுதுங்கள். பார்க்கிறவருக்கு முதல் பாதியில் எங்கே போடுவது, இரண்டாம் பாதியில் எங்கே மாற்றிப் பார்ப்பது என்று அப்போதுதான் தெரியும்.