‘நல்ல பிரெஞ்சு’ எந்த ஊர்ப் பிரெஞ்சு?

துலூஸ் நகரிலிருந்து என் முன்னாள் மாணவர் ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். விமானப் பொறியியல் படிக்கப் போனவர். என்னிடம் இரண்டு ஆண்டுகள் பிரெஞ்சு படித்து, பி2 என்ற மேல் இடைநிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். போய் இறங்கிய மூன்றாம் நாள் வந்த பதிவு அது.

“மேடம், நீங்கள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சை இங்கே ஒருவரும் பேசுவதில்லை. ரொட்டிக் கடை அம்மா ரொட்டியைப் ‘பேங்’ என்கிறார். நாளை என்பதற்குத் ‘தமேங்’ என்கிறார். கடைசி எழுத்தை விழுங்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னீர்களே, இவர்கள் எதையும் விழுங்குவதில்லை.”

குரலில் பாதி அழுகை, பாதி புகார். புகாரில் நியாயம் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு கற்பிக்கிற நான், பாரிஸ் வானொலிக் குரலைத் தவிர வேறு எதையும் அவர் காதில் போடாமல் அனுப்பிவைத்திருந்தேன்.

ரொட்டிக்கான பிரெஞ்சுச் சொல்லின் எழுத்தில் கடைசியாக ஒரு ‘ன்’ உண்டு. பாரிஸ்காரர் அதைச் சொல்வதில்லை. உயிரொலியை மூக்கு வழியே விட்டு அப்படியே நிறுத்திவிடுவார். நமக்கு இது புதிதல்ல. ‘மரம்’ என்று எழுதுகிறோம். பேசும்போது எத்தனை பேர் உதட்டை மூடுகிறோம்? ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ பேச்சில் மூக்கோடு கரைந்துபோகிறது. முதல் வாரத்தில் இதைச் சொல்லித்தான் மூக்கொலிகளைத் தொடங்குவேன். தெற்குப் பிரான்சிலோ அந்த ஒலி கரைவதில்லை. பின்னால் ஒரு ‘ங்’ வந்து கதவை மூடுகிறது. பாரிஸில் மறைந்துபோகும் சொல்லிறுதி உயிரும் அங்கே உயிரோடு இருக்கிறது. ‘சின்னவள்’ என்ற சொல் பாரிஸில் ‘ப்தித்’ என்று ஒரே மூச்சில் முடியும். துலூஸில் ‘பெதித்த’ என்று மூன்று அசையாக நடந்து வரும். காரணம் எளிது. அந்தப் பக்கத்தின் வீட்டுமொழி பல நூற்றாண்டுகளாக ஒக்சிதான். பிரெஞ்சு பெரும்பாலும் பள்ளிக்கூடம் வழியாகப் பிற்பாடு வந்தது. ஒக்சிதான் பேசிப் பழகிய வாய், புத்தகத்தில் இருந்ததைப் படித்தது. எழுத்துக்கு நெருக்கமாகப் படிப்பவர் தெற்கத்தியர். எழுத்தை விழுங்குகிறவர் பாரிஸ்காரர். அப்படியிருந்தும் ‘உச்சரிப்புக் குறை’ என்று பெயர் வாங்கியது தெற்கு.

பிறகு யார் வகுத்தது இந்தச் ‘சரியான உச்சரிப்பை’? பிரெஞ்சு அகாதமி என்று பலரும் நினைக்கிறார்கள். 1635-ல் தொடங்கிய அந்த அமைப்பு எழுத்துக்கும் பொருளுக்கும் காவல் காத்ததே தவிர, உச்சரிப்புக்குச் சட்டப் புத்தகம் போடவில்லை. 1647-ல் வோஜ்லா என்ற இலக்கணக்காரர், அரசவையின் சிறந்த பகுதியினர் பேசுவதே நல்ல வழக்கு என்று எழுதினார். யார் சிறந்த பகுதியினர்? அரசவையில் இருந்தவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அந்த அரசவையில் ‘நான்’ என்பதற்கான ஒரு சொல்லை ‘ம்வே’ என்றும், அரசரை ‘ர்வே’ என்றும் சொன்னார்கள். ‘ம்வா’, ‘ர்வா’ என்பது பாரிஸ் தெருவின் பேச்சு, தாழ்ந்தது. 1789-ல் புரட்சி வந்தது. அரசர் தலையோடு அரசவையின் ‘வே’யும் போயிற்று. நாடு கடந்து இருந்துவிட்டு 1814-ல் திரும்பிய பதினெட்டாம் லூயி பழக்க தோஷத்தில் ‘ர்வே’ என்றாராம், சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்களாம். கதை உண்மையோ இல்லையோ, ஒலி மாறியது உண்மை. தெரு ஒலிதான் இன்று பாடநூல் ஒலி. பழைய அரச ஒலி எங்கே போயிற்று? 1763-ல் பிரான்சின் கையை விட்டுப் போன கனடாவில் தங்கிவிட்டது. கியூபெக் நாட்டுப்புறத்தில் இன்றும் ‘ம்வே’ கேட்கலாம். அதைக் கேட்டால் பாரிஸ்காரர் பட்டிக்காட்டுப் பேச்சு என்று சிரிப்பார். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பிறகு நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை.

இன்னொரு சம்பவம், என் தொழிலில் இருக்கிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் ஆந்த்ரே மார்த்தினே என்ற மொழியியலாளர் ஜெர்மானியரிடம் போர்க் கைதியானார். வைன்ஸ்பெர்க் முகாமில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் பிரான்சின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த அதிகாரிகள். முகாமில் வேறு என்ன வேலை? 1941-ல் அவர் உச்சரிப்பு பற்றி ஒரு வினாத்தாள் தயாரித்துச் சுற்றுக்கு விட்டார். இந்தச் சொல்லையும் அந்தச் சொல்லையும் ஒரே மாதிரி சொல்வீர்களா, வேறு வேறாகவா என்கிற வகைக் கேள்விகள். 409 பேருடைய விடைகள் ஆய்வுக்கு வந்தன. எல்லோரும் படித்தவர்கள், எல்லோர் உடம்பிலும் ஒரே சீருடை. விடைகள் மட்டும் ஊருக்கு ஊர், வயதுக்கு வயது பிரிந்து நின்றன. 1973-ல் அவரே ஆன்ரியெத் வால்தேருடன் சேர்ந்து, மக்கள் உண்மையில் உச்சரிக்கிறபடி ஓர் அகராதி கொண்டுவந்தார். படித்த, பாரிஸ் வாழ்க்கைக்குப் பழகிய 17 பேரிடம் சொற்களைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பதினேழு பேரே ஆயிரக்கணக்கான சொற்களில் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போகாத ஒன்றைத்தான் நான் கரும்பலகையில் ‘சரி’, ‘தவறு’ என்று பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

இது வெறும் ஒலியியல் விவாதமாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. பிரான்சில் உச்சரிப்பு ஒருவருடைய வேலைக்கும் மரியாதைக்கும் விலை வைக்கிறது. 2018 அக்டோபரில் நாடாளுமன்ற வளாகத்தில் ஒரு பெண் நிருபர் தெற்கத்திய உச்சரிப்பில் கேள்வி கேட்டார். இடதுசாரித் தலைவர் ழான் லுக் மெலான்ஷோன் அதே தொனியில் பழித்துக் காட்டிவிட்டு, யாராவது பிரெஞ்சில் கேள்வி கேளுங்கள் என்றார். அவர் அப்போது எந்த ஊர் உறுப்பினர் தெரியுமா? தெற்குக் கடற்கரையின் மார்செய். 2020-ல் ழான் காஸ்தெக்ஸ் பிரதமரானபோது அவருடைய தென்மேற்கு உச்சரிப்பை ரக்பி ஆட்டத்தோடு சேர்த்துப் பேசினார்கள் சில ஊடகக்காரர்கள். ‘வெயில் வீசும் உச்சரிப்பு’ என்று தெற்கத்தியரைப் பாராட்டுவோரும் உண்டு. எனக்கு அந்தப் பாராட்டும் பிடிப்பதில்லை. விடுமுறைக்குப் போகும்போது இனிக்கிற பேச்சு, நீதிமன்றத்திலும் செய்தி அறையிலும் ஏன் உறுத்துகிறது?

மொழியாலும் உச்சரிப்பாலும் ஒருவரை ஒதுக்குவதற்கு ரென் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிலிப் பிளான்ஷே ‘குளோத்தோஃபோபி’ என்று பெயர் வைத்தார். 2016-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 2020 நவம்பரில், தெற்கே எரோ மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா, பாகுபாட்டுக் காரணங்களின் பட்டியலில் உச்சரிப்பையும் சேர்க்கச் சொன்னது. மூன்று ஆண்டு வரை சிறை, 45,000 யூரோ வரை அபராதம். கீழவையில் 98 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. மேலவையைத் தாண்டி அது சட்டமாகவில்லை.

அங்கே நடக்கிறது, நமக்கென்ன என்று இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் பகுதிநேரமாக வேலை செய்த ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கேமரூன் நாட்டவர் ஒருவர் ஆசிரியர் வேலை கேட்டு வந்தார். முதல் வகுப்பு முதல் பட்டம் வரை பிரெஞ்சிலேயே படித்தவர். அவர் எடுத்த மாதிரி வகுப்பில் உட்கார்ந்து நான் குறிப்பு எழுதிக்கொண்டேன். ‘பெற்றோர் ஒப்ப மாட்டார்கள், உச்சரிப்பு வேறு மாதிரி இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உலகில் பிரெஞ்சு பேசுவோர் 32 கோடிக்கும் மேல் என்று பிரெஞ்சு மொழி நாடுகளின் அமைப்பு 2022-ல் கணக்குச் சொன்னது. அதில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பிறகு வந்தவர் ஆறு மாதம் பாரிஸில் இருந்துவிட்டு வந்த நம்மூர்க்காரர். எழுத்துப்பிழை திருத்த அவர் என்னிடம்தான் வருவார்.

சென்ற ஆண்டு மொன்றியாலிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே குடியேறியவர். “பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுதான் கதைக்கிறாள், டீச்சர். அது கியூபெக் பிரெஞ்சு. நீங்கள் இணையத்தில் நல்ல பிரெஞ்சு படிப்பித்துத் தாருங்கோ” என்றார். 1977-ன் மொழிச் சட்டத்தால் கியூபெக்கில் குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போய், ஒலியெல்லாம் அந்த மண்ணின் ஒலியாகப் பேசுகிற பத்து வயதுப் பெண். ‘நீ’ என்பதை ‘த்ஸு’ என்பாள். ‘சொல்’ என்பதை ‘த்ஸிர்’ என்பாள். ‘இ’க்கும், உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘இ’க்கும் முன்னால் t, d ஒலிகள் இரண்டும் இப்படிச் சீறுவது கியூபெக்கில் அமைச்சர் பேச்சிலும் உண்டு, பேராசிரியர் பேச்சிலும் உண்டு. அதே 1977-ல் கியூபெக்கின் பிரெஞ்சு ஆசிரியர் சங்கம், அங்கத்தியர் முறையான சூழல்களில் பேச முனைகிற பிரெஞ்சே அங்கே தரமான பிரெஞ்சு என்று தீர்மானம் போட்டுவிட்டது. போதாக்குறைக்கு, விலங்கின் பாதத்துக்கும் பிசைந்த மாவுக்கும் பாரிஸ் இன்று ஒரே ஒலியை வைத்திருக்கிறது. அந்தச் சிறுமி இரண்டையும் பிரித்துச் சொல்வாள். இழந்தது பாரிஸ்.

இதையெல்லாம் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீங்கள் படிப்பிக்க மாட்டீங்கள்” என்று முடித்தார். வேறு ஆசிரியரைத் தேடிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது என் வகுப்பு மாறியிருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து நிமிடம் வேறு ஊர்க் குரல்: ஒரு நாள் பெல்ஜியச் செய்தி, ஒரு நாள் சுவிஸ் வானொலி, ஒரு நாள் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரம், ஒரு நாள் ரேடியோ கனடா. எழுபதை ‘அறுபதும் பத்தும்’ என்று பாரிஸ் வழியில் மனப்பாடம் செய்த மாணவர், பெல்ஜியக்காரர் ‘செப்தாந்த்’ என்று ஒரே சொல்லில் எளிதாக முடிப்பதைக் கேட்டு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்கிறார். காது அகலமாக இருக்கட்டும். வாய்க்கு ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளலாம். கனடா போகிறவருக்கு அந்த ஊர் பாரிஸாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வாய்ப் பயிற்சியில் எதற்கு நேரம் செலவிடுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், விளம்பரங்களைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்களுக்காக. ‘இ’ சொல்லும் நாக்கோடு ‘உ’ சொல்லும் உதட்டைக் குவித்தால் வருகிற ஓர் உயிர் பிரெஞ்சில் உண்டு. அது பிசகினால் ‘மேலே’ என்பது ‘கீழே’ ஆகிவிடும். அலமாரியில் சாமான் தேடுகிறவருக்கு வித்தியாசம் தெரியும். அதற்கு நான் வாரக்கணக்கில் மெனக்கெடுவேன். தொண்டையில் உரசும் பாரிஸ் ‘ர’வுக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. பாவம், அதற்காகத்தான் மாணவர்கள் கண்ணாடி முன்னால் நின்று இருமிக்கொண்டிருக்கிறார்கள். நம் நுனிநாக்கு ‘ர’வால் எந்தச் சொல்லும் பொருள் மாறாது. மொன்றியால் பெரியவர்களின் ‘ர’ அப்படித்தான் இருந்தது. பிரான்சின் கிராமங்களிலும் இருந்தது. ஐரோப்பிய மன்றம்கூட 2018-ல் தன் மொழித்தர அளவுகோலின் உச்சரிப்புப் பகுதியைத் திருத்தி எழுதியது. புரிகிறதா என்பதே முதல் கேள்வி. தாய்மொழியின் சாயல் சி1 என்ற உயர்நிலையிலும் இருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு என் பழக்கம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பிரெஞ்சில் ‘பழுப்பு’ என்பதற்கும் ‘புல்லின் தாள்’ என்பதற்கும் முன்பு வேறு வேறு மூக்கொலி. முதலாவதுக்கு உதடு குவியும், இரண்டாவதுக்கு விரியும். தெற்கிலும் பெல்ஜியத்திலும் கியூபெக்கிலும் இன்னும் அப்படித்தான். பாரிஸில் இரண்டும் ஒன்றாகிவிட்டன; அகராதிகள் மட்டும் இன்னமும் பிரித்தே காட்டுகின்றன. புதுச்சேரியில் எனக்குப் பிரெஞ்சு கற்பித்த ஆசிரியர் பிரித்துத்தான் சொல்வார், நானும் பிரித்துத்தான் சொல்கிறேன். தேர்வாளர் பயிற்சி ஒன்றில், பாரிஸிலிருந்து வந்த இளம் பயிற்றுநர் என் ‘பழுப்பை’க் கேட்டுத் தலையைச் சாய்த்தார். “எங்கள் பாட்டி இப்படிச் சொல்வார்” என்றார்.

தேர்வுக்கு அது வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். அவர்கள் பழுப்புக்கும் புல்லுக்கும் ஒரே ஒலியை வைத்துக்கொண்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். நான் உதட்டைக் குவித்தபடியே பாடத்தைத் தொடர்கிறேன்.