குழு வருகிற நாளில் வரிசையை ஒளிக்காதீர்கள்

போன கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு அழைப்பு. வன்னியில் ஒரு அரச அலுவலகத்தில் கொம்பியூட்டர் வேலைகளைப் பார்க்கிற தம்பி, முன்பு என்னிடம் பயிற்சிக்கு வந்தவர். "அண்ணை, வெளிநாட்டு அதிகாரிகள் குழு ஒன்று எங்கட டிஜிட்டல் வேலைகளைப் பார்க்க வருகுதாம். ஒன்லைன் சேவைப் பட்டியலைக் கொஞ்சம் நீட்டித் தாங்கோ. அன்றைக்குச் சனத்தைக் கவுண்டருக்கு வரவேண்டாம் என்று கிராம சேவகர்மாருக்கும் சொல்லியாச்சு." இப்படி எனக்கு வருகிற நாலாவதோ ஐந்தாவதோ அழைப்பு இது.

அப்பன், வருகிறது இன்ஸ்பெக்டர் இல்லை.

இப்படிக் குழு வந்து பார்ப்பதற்குச் சகநாட்டு மீளாய்வு என்று பெயர். அது ஒரு அரசாங்கம் தானே விரும்பிக் கேட்டு வாங்குவது. வேறு நாடுகளில் இதே தலையிடியோடு இதே வேலையைச் செய்கிற அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், கேட்பார்கள், எழுதித் தருவார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் தண்டனை ஒன்றும் கிடையாது. பூச்சி விழுந்த வயலைப் பக்கத்து ஊர்க் கமக்காரனைக் கூட்டிவந்து காட்டுகிற மாதிரித்தான். அவனுடைய வயலிலும் போன போகம் விழுந்திருக்கும், அதனால்தான் அவனைக் கூப்பிடுகிறோம். காட்டப் போகிற அன்றைக்குப் பூச்சி விழுந்த பக்கத்தைப் படங்கு போட்டு மூடுவோமா?

பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நாடுகளின் கூட்டமைப்பான ஓ.ஈ.சி.டி., மின்அரசாங்கத்தை, அதாவது அரச வேலைகளை இணையத்தில் செய்து கொடுப்பதை, இப்படி நாடுநாடாகப் பார்க்கத் தொடங்கியது 2003 இல், பின்லாந்தில். டென்மார்க் 2006 இல் ஒருமுறை தன்னைக் காட்டியது, போதாதென்று 2010 இல் மறுபடியும் காட்டியது. அமைப்பில் உறுப்புரிமை இல்லாத பிரேசிலும் பனாமாவும்கூடக் கேட்டு வாங்கின. பலவீனமான நாடுகள்தான் இதற்குப் போகும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று: ஐ.நா. மின்அரசாங்கக் கணிப்பில் 2018, 2020, 2022, 2024 நான்கு தரமும் முதலாவதாக வந்தது அதே டென்மார்க்தான்.

இந்த ஐ.நா. கணிப்பையும் மீளாய்வையும் ஒன்றாகக் குழப்புவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். மீளாய்வு என்று சொன்னவுடனே "எத்தனையாவது இடம் வருவோம்?" என்று கேட்கிறார்கள். இடமே கிடையாது! இடம் போடுவது ஐ.நா. கணிப்பு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 193 நாடுகளையும் மூன்று பங்காகப் பார்த்துப் புள்ளி போடும். ஒன்று இணையச் சேவை, அடுத்தது தொலைத்தொடர்பு வசதி, மற்றது கல்வி. இணையச் சேவைக்கு ஆய்வாளர்கள் எங்கோ இருந்துகொண்டு அரச தளங்களைத் திறந்து, இருக்கா இல்லையா என்று பார்ப்பார்கள். வன்னியில் இருக்கிற துணுக்காய்க்கு ஒருவரும் வரப்போவதில்லை. தொலைத்தொடர்புக்கு 100 பேருக்கு எத்தனை கைத்தொலைபேசி இணைப்பு என்பதும் ஒரு கணக்கு. வீட்டில் ஒரு கம்பனி, வயலில் இன்னொரு கம்பனி என்று சிக்னலுக்காக இரண்டு சிம் வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் அந்தக் கணக்கில் இரண்டு இணைப்பு. எங்கள் இல்லாமை அங்கே வசதியாகப் பதிவாகிறது, பாருங்கள்.

மீளாய்வுக்காரர் கேட்பது வேறு. யார் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வன்னியிடம் பதில் நிறைய உண்டு. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர் ஒன்லைனில் பிரதி கேட்கலாம், சரி, ஆனால் பிறப்பே பதியப்படாமல் போனவருக்கு என்ன பிரதி? அவர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலையத்தான் வேண்டும். போன வருடம் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, இதில என்ன கிடக்குது?" என்றார். அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட செய்தி, சிங்களத்தில். வந்து மூன்று மாதம்.

அந்த அம்மாவைத்தான் குழு வருகிற நாளில் வீட்டில் இருக்கச் சொல்கிறீர்கள்.

தயவுசெய்து வரிசையை அப்படியே விடுங்கள். கொமினிகேசன் கடையில் காசு வாங்கிக்கொண்டு சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற பிள்ளையையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், எந்தப் பக்கத்தில் தளம் தொங்கும் என்று அமைச்சை விட அந்தப் பிள்ளைக்குத் தெரியும். கரண்ட் நின்றால் நிற்கட்டும், அன்றைக்கு மட்டும் ஜெனரேட்டர் பிடிக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருகிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலம் தெரிந்த இரண்டு அதிகாரிகள் பேசி முடித்துவிடுவார்கள். எத்தனையோ இடத்தில் அப்படித்தான் முடிந்தது. இதற்கு முன் வந்த குழு ஏதாவது எழுதித் தந்திருந்தால் அதைத் தேடி எடுங்கள், அலுமாரிக்கு மேலே கிடக்கும். "எல்லாம் ஓகே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஓகே என்ற இடத்துக்கு ஒருவரும் காசு ஒதுக்கமாட்டார்கள்.

தம்பிக்கு அன்றிரவே பட்டியலை அனுப்பினேன். நீட்டவில்லை. ஒவ்வொரு சேவைக்கும் நேரே "இதை முடிக்கச் சனம் எத்தனை தரம் கந்தோருக்கு வரவேண்டும்" என்று ஒரு நிரலைச் சேர்த்து, நிரப்பித் திருப்பி அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.