மெல்லிசை: எடை குறைந்த இசையா, மென்மையான இசையா?

சென்ற தை மாதம் மேற்கு மாம்பலத்தில் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு. மண்டப வாசலில் இரண்டு பலகைகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் ‘மாலை 6.30 மணிக்கு மெல்லிசை கச்சேரி’ என்று இருந்தது. அதே நிகழ்ச்சியை இன்னொரு பலகை ‘லைட் மியூசிக்’ என்றது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, மார்கழி முழுவதும் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர், இரண்டாவது பலகையைப் பார்த்துவிட்டு, “லைட் மியூசிக்தானே, சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டுக்கொள்ளலாம்” என்று பந்திக்கு எழுந்தார்.

அந்தத் ‘தானே’ எனக்கு வலித்தது. முதல் பலகையைப் படித்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ‘லைட்’ என்ற சொல்லுக்குள் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் கனமான சங்கீதம் இருப்பதாகவும், மறு தட்டில் இருப்பது அதைவிடக் குறைந்தது என்றும் அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. மெல்லிசை என்ற தமிழ்ச் சொல்லுக்குள் அந்தத் தராசு கிடையாது.

மென்மை, இசை ஆகிய இரண்டும் சேர்ந்த பண்புத்தொகை இது. மென்மை என்பதன் அடி ‘மெல்’. தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஒற்று, உயிர் வந்து சேர்ந்தால் இரட்டிக்கும். கல்லும் உப்பும் சேர்ந்து கல்லுப்பு ஆவதுபோல மெல்லும் இசையும் சேர்ந்து மெல்லிசை ஆயின. ‘உடல் மெலிந்துவிட்டது’ என்று சொல்லும்போது எடைக்குறைவு உள்ளே வருகிறதே என்று ஒருவர் கேட்கலாம். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘மெல்’ ஒரு பெயருக்கு முன்னால் அடையாக நிற்கும்போது பொருள் தெளிவாக இருக்கிறது. மெல்லடி என்றால் எடை குறைந்த பாதம் என்று யாரும் கொள்வதில்லை. மெல்லிய குரல், காதருகே வந்து பேசும் குரல்.

‘இசை’ இன்னும் அழகான சொல். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்ற குறளில் அதற்குப் புகழ் என்று பொருள். ஓசைகள் ஒன்றுக்கொன்று உடன்பட்டால் பாட்டு. பல வாய்கள் ஒருவரைப் பற்றி ஒத்துப் பேசினால் புகழ். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்ன மொழி இது.

இந்தச் சொல் அறுபதுகளில் பிறந்தது என்று நினைப்பவர்கள் பலர். தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. செய்யுளியலில் இருபது வண்ணங்களை, அதாவது செய்யுளின் ஓசை வகைகளை, சொல்லுமிடத்தில் ‘மெல்லிசை வண்ணம் மெல்லெழுத்து மிகுமே’ என்று ஒரு நூற்பா வருகிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், இடையெழுத்து மிகுந்தால் இயைபு வண்ணம். ங, ஞ, ண, ந, ம, ன என்னும் மூக்கொலி எழுத்துகள் மிகுந்து ஒலிப்பது மெல்லிசை வண்ணம். இதே அடியிலிருந்து வந்த ‘மெலிவு’ பழந்தமிழ் இசையில் கீழ்த் தானத்துக்கு, அதாவது தாழ்ந்த குரல் நிலைக்கு, பெயர். மெலிவு, சமன், வலிவு என்பவைதான் இன்று மந்தரம், மத்திமம், தாரம் என்று வழங்கும் மூன்று தானங்கள். தொல்காப்பியர் சொன்னது செய்யுளின் ஓசை நயம், பாட்டுக் கச்சேரி வகை அன்று. ஆனாலும் அந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறுபதுகளின் ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

அன்று மண்டபத்தில் பாடிய பெண் முதலில் எடுத்தது, 1963இல் வெளிவந்த ‘ஆனந்த ஜோதி’ படத்தில் பி. சுசீலா பாடிய ‘நினைக்கத் தெரிந்த மனமே’. கண்ணதாசன் எழுதி விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தது. இந்த மூன்று சொற்களில் பன்னிரண்டு எழுத்துகள். நி, னை, ந், ம, ன, மே என்று சரிபாதி மெல்லெழுத்துகள். இடையெழுத்து ‘ரி’ ஒன்றுதான். மற்ற ஐந்தும் வல்லெழுத்துகள், அவை ‘நினைக்கத் தெரிந்த’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. க், த் போன்றவற்றைச் சொல்லும்போது மூச்சு ஒரு கணம் அடைபட்டுத்தான் திறக்கும். வாய் மூடியிருந்தாலும் ‘ம்’ மட்டும் மூக்கு வழியே ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ‘மனமே’ என்று வரும்போது குரலுக்குத் தடையே இல்லை. இலக்கண ஆசிரியர்கள் ஒரு வரியை மட்டும் வைத்து வண்ணம் சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ‘மனமே’ மைக்கில் ஒலித்தபோது பெரியப்பா நின்றுவிட்டார். துண்டைத் தோளில் போட்டபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்தப் பந்தி முடிந்து, அடுத்த பந்தியும் போட்டுவிட்டார்கள்.

இனி ‘லைட் மியூசிக்’ வந்த வழி. பிரிட்டனில் எளிதாகக் கேட்டு மகிழும் வாத்தியக்குழு இசைக்கு அந்தப் பெயர் வழங்கியது. பிபிசி 1945இல் ‘லைட் புரோகிராம்’ என்ற அலைவரிசையையே தொடங்கி, 1967இல் அதை மூடி, ரேடியோ 1, ரேடியோ 2 என்று பிரித்துவிட்டது. நம் வானொலியில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சண்டையும் உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு நம் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கினார். அந்த இடத்தை நிரப்ப, கவிஞர்களையும் இசைக்கலைஞர்களையும் கொண்டு வானொலியே தனிப்பாடல்களை உருவாக்கியது. அவற்றுக்கு வைத்த வகைப்பெயர்தான் லைட் மியூசிக். மக்கள் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பினார்கள். 1957இல் அகில இந்திய வானொலியின் விவித பாரதி ஒலிபரப்பு வந்த பிறகே திரைப்பாட்டு வானொலிக்குத் திரும்பியது.

அந்த ஆங்கிலப் பெயருக்கு ஒவ்வொரு மொழியும் தன் வழியில் ஈடு கண்டது. தெலுங்கில் லலித சங்கீதம், மலையாளத்தில் லளித கானம், இந்தியிலும் கன்னடத்திலும் சுகம சங்கீதம். லலிதம் என்பதில் நளினம் இருக்கிறது. சுகமம் என்றால் எளிதில் செல்லக்கூடியது. தமிழ் தேர்ந்தெடுத்தது மென்மையை. மூன்றுமே ‘லைட்’ என்பதன் எடைப் பொருளை விட்டுவிட்டன என்பதைக் கவனியுங்கள். யாரும் ‘இலேசான இசை’ என்று மொழிபெயர்க்கவில்லை. வானொலி நிலையத்துச் சொல்லாக மட்டும் இருந்திருந்தால் மெல்லிசையும் நிகழ்ச்சி நிரலோடு நின்றிருக்கும். அதை வீட்டுச் சொல்லாக்கியது ஒரு பட்டம்.

1963இல் சென்னையில் டிரிப்ளிகேன் கல்ச்சுரல் அகாடமி நடத்திய பாராட்டு விழாவில் எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் டி.கே. ராமமூர்த்திக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டத்தைச் சிவாஜி கணேசன் வழங்கினார். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஆர்மோனியக்காரர் ஒருவர், திருச்சியிலிருந்து வந்த வயலின் கலைஞர் ஒருவர். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். 1952இல் அவர் திடீரென்று மறைந்ததும் அவர் விட்டுச்சென்ற படங்களின் வேலையை முடித்துக்கொடுத்தார்கள். அதே ஆண்டு ‘பணம்’ படத்தில் இணைந்து தொடங்கி 1965 வரை சேர்ந்தே இசையமைத்தார்கள். திரைப்பாட்டுக்கு மாற்றாக வானொலி வளர்த்த பெயர், திரைப்பாட்டின் இரு பெரும் கலைஞர்களுக்கே முடியாகப் போய்ச் சேர்ந்தது. நான் இதை முழு நியாயம் என்றே கருதுகிறேன்.

நியாயம் என்று சொல்லக் காரணம், மென்மை அந்தப் பாடல்களில் உண்மையாகவே இருந்தது. நாற்பதுகளின் திரைப்பாட்டு, நாடக மேடையிலிருந்து வந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று உச்சத்தில் பாடிப் பழகிய குரல்கள் அவை. மைக்குக்கு முன்னால் நின்று அடங்கிய குரலில் பாட வழி பிறந்ததும் பாட்டின் இயல்பே மாறியது. 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாடும் பி.பி. ஸ்ரீநிவாஸ் எங்கேயும் குரலை உயர்த்திக் கூப்பிடவில்லை, அருகில் இருப்பவரிடம் சொல்வதுபோலத்தான் பாடுகிறார். அதே படத்தின் ‘பாலிருக்கும் பழமிருக்கும்’ பாட்டில் சுசீலாவின் குரலுக்கு ஊடே சொல்லே இல்லாமல் வரும் ஓர் ஆண்குரல் விஸ்வநாதனுடையது. இதை ஹம்மிங் என்கிறோம். வண்டு பாடுவதற்குச் சங்கப் புலவர்கள் சொன்ன ‘முரலல்’ இதற்கு அப்படியே பொருந்தும்.

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் அக்கார்டியனும் பாங்கோவும் கிடாரும் பியானோவும் வயலின் வரிசைகளோடும் தபேலாவோடும் ஒரே பாட்டில் உட்கார்ந்தன. 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ படத்துக்கு மேற்கத்திய ஆட்ட மெட்டுகளைப் போட்ட அதே கைகள்தான், அதே ஆண்டு ‘புதிய பறவை’யில் ‘எங்கே நிம்மதி’க்கு ஒரு பெரிய வாத்தியக்குழுவையே கதறவைத்தன. அந்தப் பாட்டில் மென்மை எங்கே என்று கேட்டால், சொல் ஒவ்வொன்றும் வாத்தியங்களின் அடியில் மூழ்காமல் தெளிவாகக் கேட்கிறதே, அங்கே என்பேன். மெல்லிசையில் பாட்டின் பொருள் முதலில் காதுக்கு வர வேண்டும்.

பி.பி. ஸ்ரீநிவாஸைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்துக்கு வழக்கமாகப் போனவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். சட்டைப் பையில் பல நிறப் பேனாக்களோடு ஒரு மேசையில் உட்கார்ந்து பல மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருப்பார். உணவகம் 2008இல் மூடப்பட்டு, இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

அறுபதுகள் போய்விட்டன, ஆனால் அந்த இசையின் பிடி போகவில்லை. 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்தே இசையமைத்தார்கள். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் பாட்டுக்கு விஸ்வநாதனின் குரலைக் கேட்டு வாங்கினார். 2012இல் தமிழக அரசு இரு மன்னர்களுக்கும் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் அளித்தது. இங்கே சொல் மாறியிருப்பதைப் பாருங்கள். திரையிசை என்பது பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது, மெல்லிசை அதன் இயல்பைச் சொல்கிறது. திரையில் வரும் எல்லாப் பாட்டும் மெல்லிசை ஆகாது. படத்தோடு தொடர்பே இல்லாத மெல்லிசைப் பாடல்களை வானொலி ஏராளமாகத் தந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்காமல் எழுதுவது நல்லது.

ஆர்கெஸ்ட்ராவுக்கு இசைக்குழு போதும். பழைய சொல் வேண்டுமென்றால் பல்லியம் இருக்கிறது. திருமுருகாற்றுப்படை முருகனைக் ‘குறும்பல்லியத்தன்’ என்கிறது, சிறு வாத்தியங்கள் பல உடையவன் என்று. ‘இன்னிசைக் கச்சேரி’ என்று போடுவதிலும் தவறில்லை, அதுவும் இன்னிசை வெண்பாவில் இருக்கும் யாப்புச் சொல்தான். ஆனால் எந்த நல்ல இசையும் இன்னிசை என்பதால் அது வகைப்பெயர் ஆகாது.

எழுதும்போது ஒற்றைக் கவனிக்க வேண்டும். மெல்லிசைக் கச்சேரி, மெல்லிசைப் பாடல், மெல்லிசைக் குழு என வல்லினம் மிகும். மெல்லிசை மன்னர் என்பதில் மிகுவதற்கு இடமில்லை. வைகாசியில் எங்கள் வீட்டில் தங்கைக்குத் திருமணம். பலகை எழுதுகிறவரிடம் ‘மெல்லிசைக் கச்சேரி’ என்று, க் சேர்த்து, என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பலகைதான்.