நாற்காலி வாங்கும் முன் படியை அளந்து பாருங்கள்

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அரங்கங்களுக்கு உள்வேலை செய்து வருகிறேன். ஆடிட்டோரியத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் நீட்டுவது புஷ்பேக் சேர் படம் போட்ட கேட்லாக்கைத்தான். ஒவ்வொரு வரிசை நாற்காலியும் நிற்கிற படியின் அளவு யாரிடமும் இருக்காது.

ஒரு பல்கலைக்கழக அரங்கில் அயனி மரத்தில் செய்த பழைய நாற்காலிகளைக் கழற்றிவிட்டு, தடித்த குஷன் வைத்த இருக்கைகளைப் போட்டு முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தால் முழங்கால் முன் இருக்கையின் முதுகில் இடிக்கிறது, நடுவில் இருப்பவர் வெளியே போக வேண்டுமென்றால் வரிசையே எழுந்து நிற்க வேண்டும். டேப்பைப் போட்டுப் பார்த்தேன், படியின் அகலம் 78 செ.மீ. அரங்கங்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2526, ஒரு வரிசை நாற்காலியின் முதுகிலிருந்து அடுத்த வரிசை நாற்காலியின் முதுகு வரை குறைந்தது 85 செ.மீ. கேட்கிறது, கூடுதல் வசதி வேண்டுமானால் 106 வரை போகலாம் என்கிறது. படியோ கான்கிரீட். அதன் மேல் புதுப் படி கட்டி அகலப்படுத்தினால் சில வரிசைகள் போய்விடும், இல்லையென்றால் முதுகு மெலிந்த, எழுந்ததும் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கையோடு ஓரளவு சமாளிக்கலாம். வரிசை போனால் போகட்டும் என்பதுதான் என் கருத்து. 600 பேர் நெருக்கியடித்து உட்காருவதைவிட 500 பேர் நிம்மதியாக உட்காரட்டும்.

அப்புறம், குறைந்த இருக்கைகளை ஈடுகட்ட நடைபாதையில் சேர் போடாதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில் மூச்சுத் திணறி. பால்கனியில் கூடுதலாகப் போட்ட இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. சாதாரண ஃபோம் எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். அதனால் தீ எளிதில் பற்றாத ஃபோமும் துணியும்தான் வேண்டும் என்று டென்டரிலேயே எழுதி, சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

பலர் யோசிக்காத இன்னொன்று, சத்தம். 1895-இல் ஹார்வர்டின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அரங்கில் சுவர்களில் பட்டுத் திரும்பி நீடிக்கும் எதிர்முழக்கத்தால் பேச்சே புரியவில்லை. வாலஸ் சாபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து பரப்பி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அரங்க ஒலியியல் என்ற துறையே இருக்கை மெத்தையில் தொடங்கியது என்று சொல்லலாம். மரச் சேரை மாற்றிக் குஷன் சேர் போட்டால் உங்கள் அரங்கின் ஒலியும் மாறும். ரெக்சினைவிடக் காற்றுப் புகும் துணி சத்தத்தை நன்றாக உறிஞ்சும். மடங்கும் இருக்கையின் அடிப்பக்கம் துளையிட்டதாக இருந்தால் அரங்கம் பாதி காலியாக இருந்தாலும் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

ஆனால் நம் ஊரில் துணிக்கு எதிரி ஈரம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி என்று இரண்டு மழையும் வாங்குகிற இடம் இது, விழா இல்லாத மாதங்களில் அரங்கத்தைப் பூட்டியே வைத்தால் குஷனில் பூஞ்சை பிடித்துவிடும். வாரம் ஒருமுறையாவது கதவு ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட ஒரு ஆள் வேண்டும்.

சரி, மாதிரி இருக்கை வந்ததும் அலுவலக அறையில் வைத்துப் பார்க்காதீர்கள். அரங்கத்துப் படியிலேயே முன்னும் பின்னுமாக இரண்டு சேரைப் பொருத்தி, உங்களில் உயரமான ஒருவரைப் பின்சேரில் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடலாம்.