பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுவதென்றால்: திருகோணமலைக் குடும்பங்களுக்கான நடைமுறை விளக்கம்

கணவன் இறந்தோ விட்டுப்போயோ வருமானம் நின்றுபோன ஒரு தாய்க்கு, எங்கள் பக்கத்தில் உறவுக்காரர் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "பாதரிட்டப் போய்க் கேளுங்கோ. சிஸ்டர்மாரின் ஹோமில விட்டா சாப்பாடும் படிப்பும் கிடைக்கும்." போர்க் காலத்திலும் 2004 சுனாமிக்குப் பிறகும் கத்தோலிக்க, மெதடிஸ்த சபைகளும் மற்றக் கிறிஸ்தவ அமைப்புகளும் கிழக்கில் நிறையப் பிள்ளைகளைத் தாங்கின. அந்த நம்பிக்கையில் வரும் பேச்சு அது. ஆனால் ஒரு பாதரோ சிஸ்டரோ விரும்பினாலும், பெற்றோர் கொண்டுவந்து விட்டார்கள் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது. பிள்ளை அங்கே போவதற்கு அரசாங்கத்தின் வழி ஒன்று இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அந்த வழியில் பாதித் தூரம் போகும்போதே வேறு உதவி கிடைத்து, இல்லம் தேவைப்படாமல் போவதும் உண்டு.

முதலில் விடுதியையும் இல்லத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெருகல் அல்லது குச்சவெளிப் பக்கத்துப் பிள்ளை நகரத்துப் பாடசாலையில் படிப்பதற்காக ஹொஸ்டலில் தங்கினால், அது பெற்றோருக்கும் விடுதிக்கும் இடையிலான ஏற்பாடு. லீவுக்கு வீட்டுக்கு வரும், செலவையும் பொறுப்பையும் பெற்றோரே வைத்திருப்பார்கள். சிறுவர் இல்லம் அப்படியில்லை. அங்கே பிள்ளையின் பராமரிப்பே கைமாறுகிறது. அதனால்தான் அது சட்டத்தின் கண்காணிப்புக்குள் வருகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

இல்லங்களைப் பதிவு செய்வதற்கு 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் அடிப்படை. பழைய சட்டங்கள்தான், இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு விடயங்கள் மாகாணத்தின் கைக்கு வந்தன. ஆகவே கிறிஸ்தவ இல்லமோ, இந்து இல்லமோ, முஸ்லிம் இல்லமோ, திருகோணமலையில் இயங்குவதென்றால் கிழக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. நல்ல இல்லம் காட்டத் தயங்காது.

சரி, நடைமுறை எப்படி? உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். கிராம சேவகர் மூலமாகவும் அவரிடம் போகலாம். அடி, துன்புறுத்தல், கைவிடப்படுதல் போன்ற ஆபத்து இருந்தால் விடயம் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் (புரொபேஷன் ஒபிசர்) பொலிஸ் சிறுவர், மகளிர் பணியகத்துக்கும் போகும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். யார் யார் உறவு, அம்மம்மா வளர்ப்பாரா, சித்தி பொறுப்பெடுப்பாரா என்றெல்லாம் அவர் கேட்பது வம்புக்காக இல்லை. உறவினரிடம் வளர முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்திலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பெற்றோர் என்ற வழி வைக்கப்பட்டது. 2019இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கையின் திசையும் அதுவே: குடும்பம், உறவு, வளர்ப்புக் குடும்பம், இவையெல்லாம் சரிவராதபோதுதான் இல்லம்.

அறிக்கை நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். நீதவான் பிள்ளையைப் பெற்றோரிடமே விட்டு, நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். உறவினர் ஒருவரைத் 'தகுந்த ஆள்' என ஏற்று அவரிடம் ஒப்படைக்கலாம். இல்லத்துக்கு அனுப்பும் கட்டளையும் இடலாம். நீதிமன்றம் என்றதும் பெற்றோர் குற்றவாளியாகிவிட்டதாக ஊரில் கதை கிளம்பும். இது பாதுகாப்பு வழக்கு. பெற்றோர் பிள்ளையை வதைத்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால் மட்டுமே குற்றவியல் விடயம் வேறாக வரும். கட்டளையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பிள்ளையைத் திரும்ப அழைக்கக் கேட்கும்போது அதுதான் கையில் வேண்டும்.

எனக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது வறுமையைப் பற்றி. இலங்கையில் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வயிற்றுப்பாடு ஒன்றுதான் காரணமென்றால் உதவி வீட்டுக்கு வர வேண்டும், பிள்ளை வீட்டை விட்டுப் போகக் கூடாது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தீர்களா, பெயர் விடுபட்டிருந்தால் மேன்முறையீடு செய்தீர்களா என்று பாருங்கள். 'செவன சரண' வளர்ப்புப் பெற்றோர் திட்டம் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம், பிள்ளையை யாரும் கொண்டுபோவதில்லை. நன்கொடையாளர் ஒருவரின் பண உதவி பிள்ளைக்கு வந்து சேரும், அவ்வளவுதான். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசு பாடசாலையில் இலவசம்.

தேவாலயப் பங்கின் பலமும் இந்த இடத்தில்தான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். கத்தோலிக்கப் பங்குகளில் புனித வின்சென்ட் டி போல் சபையினர் வீடு தேடிப் போய் உலருணவு, மருந்துச் செலவு, பாடசாலைப் பொருள் என்று உதவும் வழக்கம் பல காலமாக இருக்கிறது. பாதரிடம் போகிறவர்கள் "ஹோமில இடம் இருக்கா?" என்று கேட்பதை விட, "பிள்ளையை வீட்டில வைச்சிருக்க என்ன உதவி செய்வீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக வரலாம்.

அப்புறம் மதம். திருகோணமலையில் இந்துப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ கிறிஸ்தவ இல்லத்துக்கு அனுப்பப்படும் நிலை வந்தால், பிள்ளை எந்தச் சமயத்தில் வளரும் என்ற கேள்வி வீட்டாருக்கு வரத்தான் செய்யும். அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆவது உறுப்புரை, குடும்பத்துக்கு வெளியே வைக்கும்போது பிள்ளையின் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கவனிக்கச் சொல்கிறது. ஆகவே பிள்ளை தன் பண்டிகையைக் கொண்டாடலாமா, பாடசாலையில் எந்தச் சமயபாடம் படிக்கும், தேவாலயப் பூசைக்குப் போவது கட்டாயமா என்று ஆரம்பத்திலேயே நன்னடத்தை உத்தியோகத்தர் முன்னிலையில் கேளுங்கள். பிறகு கேட்டால் அது சண்டையாகப் போகும். தமிழ்ப் பிள்ளையைச் சிங்கள மொழி இல்லமொன்றுக்கு அனுப்பும் யோசனை வந்தால் மொழியைப் பற்றியும் இதேபோல் கேட்க வேண்டும்.

பிள்ளை போன பிறகும் பெற்றோர் பெற்றோர்தான். போய்ப் பார்க்கவும் பேசவும் உரிமை உண்டு. பிள்ளையின் நலனுக்கு அது கேடு என்று கண்டால் மட்டுமே தடை வரும். சமவாயத்தின் 25ஆவது உறுப்புரைப்படி, பிள்ளை அங்கேயே இருப்பது இன்னும் தேவையா என்று காலத்துக்குக் காலம் மீளப் பார்க்க வேண்டும். வருமானம் சரியாகிவிட்டதென்றால் நீங்களே உத்தியோகத்தரிடம் போய் அதைக் கேட்கலாம். இல்லம் தானாகப் பிள்ளையை யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. தத்து மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையால்தான் நடக்கும், அதற்காகப் பணம் கைமாறுவது சட்டவிரோதம்.

2025 வரவு செலவுத் திட்டத்தில், இல்லங்களில் வாழும் பிள்ளைகளுக்கும் பெற்றோர் இன்றிப் பாதுகாவலரிடம் வளரும் பிள்ளைகளுக்கும் மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாமார் இதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

பிள்ளை இல்லத்துக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பாடசாலை அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைக் கொடுத்து மூலத்தை வீட்டில் வைத்திருங்கள். மூலம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். போரிலும் இடப்பெயர்விலும் பதிவு இல்லாமல் போன பிள்ளைகள் இங்கே பலர். பிறப்பைப் பதியாதவர்கள் தாமதப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை எடுக்கும் வயதில் அலைவது பெரிய பாடு.

இல்லத்தில் பிள்ளைக்கு அடி விழுகிறது, வேலை வாங்குகிறார்கள், பார்க்க விடவில்லை என்றால் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, தமிழிலும் பேசலாம். நடத்துபவர் எந்தச் சபையாக இருந்தாலும் முறைப்பாடு முறைப்பாடுதான். பாதருக்கு மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.