சுருக்குத்தசை தளரும் நேரத்தில் அமிலம் எங்கே நிற்கிறது?

நெஞ்செரிச்சல் வந்ததும், வயிற்றில் அமிலம் அதிகமாகச் சுரந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில், அவதிப்படுபவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பு வழக்கமான அளவில்தான் இருக்கிறது. நாள்தோறும் ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பைநீர் எல்லோருக்கும் ஊறுகிறது. இரைப்பையின் உட்சுவரைத் தடித்த சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. இருக்கவேண்டிய இடத்தை விட்டு அமிலம் மேலே ஏறுவதால்தான் எரிகிறது.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில், 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுருக்குத்தசை வளையமாக இறுகியிருக்கிறது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானமும் வெளியிலிருந்து அதை அணைத்துப் பிடிக்கிறது. விழுங்கும்போது தளர்ந்து வழிவிட்டு, உடனே மூடிக்கொள்ளும். விழுங்காத நேரத்திலும் அவ்வப்போது தளரும். வயிற்றில் சேர்ந்த காற்றை ஏப்பமாக வெளியேற்ற உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. நலமாக இருப்பவர்களுக்கும் நடப்பதுதான். ஆனால் இரைப்பையின் மேற்பகுதி உப்ப உப்ப, இந்தத் தளர்வு அடிக்கடி நிகழ்கிறது. ஒரே வேளையில் வயிறு முட்ட உண்பதும், அவசரமாக விழுங்குவதும், வாயு நிறைந்த பானங்களும் தொல்லை தருவது இதனால்தான்.

2001ஆம் ஆண்டு கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டறிந்தார்கள். உணவு அமிலத்தின் கடுமையைத் தணிக்கும் என்பது சரியே. ஆனால் சாப்பிட்டபின் புதிதாகச் சுரக்கும் அமிலத்தின் ஒரு பகுதி உணவோடு கலக்காமல், அதன் மேல் ஓர் அடுக்காக, சுருக்குத்தசையின் வாசலிலேயே தேங்கி நிற்கிறது. அந்த வேளையில் படுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. குனிந்து பளு தூக்குவதும் அப்படித்தான்.

இரவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். உணவுக்குழாய் அதிகம் புண்படுவது அப்போதுதான். பகலில் அமிலம் ஏறினாலும் நாம் எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். விழுங்கும் அலை அமிலத்தைக் கீழே தள்ள, எச்சிலில் உள்ள பைகார்பனேட் மிச்சத்தைச் சமன்செய்கிறது. உறக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் ஏறக்குறைய நின்றுபோகின்றன. புவியீர்ப்பின் துணையும் இல்லை. ஏறிய அமிலம் நெடுநேரம் அங்கேயே கிடக்கிறது.

ஆகவே, கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 2 முதல் 3 மணி நேரம் விடுங்கள். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு இறங்க இன்னும் தாமதமாகும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதை நான் முதலில் பரிந்துரைப்பேன்: அந்நிலையில் இரைப்பையின் பெரும்பகுதி கீழேயும் வாசல் மேலேயும் அமைகின்றன. வலப்பக்கம் படுத்தால் நிலைமை தலைகீழ். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவதும் உதவும். தலையணைகளை அடுக்கினால் உடல் இடுப்பில் மடிந்து, வயிற்றின் அழுத்தம் கூடிவிடுகிறது.

இதே அழுத்தக் கணக்குதான் தொப்பைக்கும், இறுக்கிக் கட்டிய இடுப்புப்பட்டைக்கும். கூடுதல் எடை உள்ளவர்களுக்கு, எடையைக் குறைப்பதைப்போல் நீடித்த பலன் தரும் பழக்கம் வேறு அதிகமில்லை. புகைபிடித்தலோ சுருக்குத்தசையைத் தளர்த்துவதோடு எச்சிலையும் குறைக்கிறது.

காபி, சாக்லேட், புளிப்பு, காரம் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீண்ட தடைப்பட்டியல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருக்கு எரிவது இன்னொருவருக்கு எதுவும் செய்யாது. இரண்டு வாரம் சாப்பிட்டதையும் எரிந்ததையும் குறித்துவைத்தால் உங்கள் உடலே சொல்லிவிடும்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை இருந்தால் பழக்கங்களை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது, மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சுத்திணறினால், அதை நெஞ்செரிச்சல் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.